குழந்தையின் வளர்ச்சியைக் கண்காணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பணியில் சேர்ந்த செவிலியர்கள் குழந்தைகளுக்கு எடை பார்க்கும்போது அருகில் நிற்க நேர்ந்தால், எனக்கு என் முதல் ஆண்டுதான் நினைவுக்கு வருகிறது. நான் செய்த தவறுகளையே அவர்களும் ஏறக்குறைய அதே வரிசையில் செய்கிறார்கள். எடைக்கருவி பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதும், குழந்தையின் உடையைக் கழற்றுவதும் பயிற்சியிலேயே மனத்தில் பதிந்துவிடுவதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எண்ணைப் பார்த்துவிட்டுக் கோட்டைப் பாராதிருப்பது

என்னிடம் வந்துகொண்டிருந்த ஓர் ஆண் குழந்தை ஆறு மாதத்தில் 7.9 கிலோ இருந்தான். உலக சுகாதார நிறுவனம் 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட வளர்ச்சித் தரநிலையில் அந்த வயது ஆண் குழந்தைக்கான நடுக்கோடு அதுவே. எட்டாம் மாதம் 8.0, பத்தாம் மாதம் 8.1, ஓராண்டு நிறைவில் மறுபடியும் 8.1. ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் ‘இயல்பு’ என்று எழுதினேன். ஒரு வயதில் எடைக்குறைவு என்று கொள்ளும் எல்லை 7.7 கிலோ என்பதால், நான் எழுதியதை யாரும் பிழை என்று சொல்லிவிட முடியாது. “இவன் கொஞ்சம் இளைத்த மாதிரி தெரிகிறதே” என்று தாய் கேட்டபோதும், “எடை குறையவில்லையே அம்மா” என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

மூத்த செவிலியர் ஒருவர் அந்தப் பதிவேட்டிலிருந்து நான்கு எண்களை எடுத்து வளர்ச்சி அட்டையில் புள்ளிகளாக வைத்து இணைத்தார். அச்சிட்ட வளைகோடு மேலேறிச் செல்ல, இவனுடைய கோடு மட்டும் ஏறக்குறைய கிடையாகப் படுத்திருந்தது. ஒரு வயதில் நடுக்கோடு 9.6 கிலோ, ஆறு மாதத்துக்குள் ஒன்றரை கிலோ பின்தங்கிவிட்டான். அதன் பிறகே அவன் என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டேன். தொண்டையில் சிக்கிவிடும் என்ற பயத்தில் எல்லாவற்றையும் நீர்க்கக் கரைத்து, வடிகட்டி, நாளுக்கு இரண்டு வேளை மட்டுமே கொடுத்துவந்திருக்கிறார்கள். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகிவிடும் உணவில் குழந்தையின் வயிறு நிறையுமே தவிர, வேண்டிய ஆற்றல் கிடைக்காது. ஒன்பதாம் மாதத்திலிருந்து கெட்டியாக மசித்த உணவு நாளுக்கு மூன்று நான்கு வேளை வேண்டும் என்பதை நான் எட்டாம் மாதமே சொல்லியிருந்தால் அந்தத் தேக்கமே வந்திருக்காது.

இப்போது செயலியே கோட்டை வரைந்து காட்டுகிறது. அப்படியிருந்தும் திரையின் மூலையில் உள்ள ‘இயல்பு’ என்ற ஒரு சொல்லைப் படித்துவிட்டு அடுத்த குழந்தையை அழைப்பவர்களைப் பார்க்கும்போது எரிச்சலை அடக்க முடியவில்லை. முதல் சில மாதங்களுக்குப் பிறகு எடை கூடும் வேகம் எல்லாக் குழந்தைகளுக்கும் குறையும் என்பது உண்மை. அந்தக் குறைவைக் கணக்கில் எடுத்துத்தான் வளைகோடும் வரையப்பட்டிருக்கிறது. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்த மாதத்தில் ஒரு புள்ளி இறங்கலாம். அடுத்த புள்ளி ஏறவில்லை என்றால் எல்லைக்கோட்டைத் தொடும்வரை காத்திராமல் அன்றே காரணத்தைத் தேட வேண்டும்.

நீளத்தை நாடாவால் அளப்பது

மெத்தையில் நெளியும் குழந்தையின் மேல் நாடாவை ஓட்டினால் இரண்டு முறையும் ஒரே அளவு வராது. அளவுப்பலகையில் படுக்கவைத்து, ஒருவர் தலையைப் பலகையின் மேல்முனையோடு சேர்த்துப் பிடிக்க, மற்றவர் முழங்காலை மெல்ல அழுத்தி, நகரும் கட்டையைப் பாதத்தோடு பொருத்த வேண்டும். இது ஒருவரால் ஆகும் வேலையே அன்று. இரண்டு வயது வரை படுக்கவைத்தும், அதன் பிறகு நிற்கவைத்தும் அளக்கிறோம். படுத்த நிலையில் அளவு சுமார் 0.7 செ.மீ. கூடுதலாக இருக்கும். இதை அறியாத தந்தை ஒருவர், இரண்டாவது பிறந்தநாளுக்குப் பின் பிள்ளை குட்டையாகிவிட்டான் என்று இரண்டு தாள்களையும் என் மேசையில் விரித்து வைத்துவிட்டார்.

பிறந்த வாரத்தில் பதறுவது

முதல் சில நாட்களில் எடை சற்று இறங்கி, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். இறக்கம் பத்து விழுக்காட்டைத் தாண்டினால் மட்டும் காத்திருக்கக் கூடாது. தாய்ப்பால் எப்படிக் குடிக்கிறது என்பதை உடனே பாருங்கள்.

குறைமாதக் குழந்தையின் வயது

இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தையின் ஆறாம் மாத எடையை நான்காம் மாதக் கட்டத்தில் குறிக்க வேண்டும். இரண்டு வயது வரை இப்படித்தான்.

பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவது

அட்டை கையில் இருக்கும்போது அந்தக் குழந்தை எதற்கு?

வீக்கத்தை எடை என்று எண்ணுவது

மெலிந்த குழந்தையின் எடை திடீரென்று கூடியிருந்தால் மகிழ்வதற்கு முன் இரண்டு புறங்கால்களையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்த பிறகும் இரண்டிலும் குழி நின்றால் அந்த எடையை நம்பாமல் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.