பால் போதவில்லை என்று சொல்வதற்கு முன்

தாய்ப்பால் ஆலோசகராகப் பயிற்சி பெற வருபவர்கள், தொடக்கக் காலத்தில் நான் செய்த அதே பிழைகளை வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கை கழுவுவது, குழந்தையை ஏந்தும் நிலை போன்றவை எல்லாப் பாடநூல்களிலும் இருப்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பம்பில் வந்த பாலைக் கொண்டு சுரப்பை மதிப்பிடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். பிரசவமான இரண்டாம் நாள் ஒரு தாயிடம் பம்பைக் கொடுத்துவிட்டு, 20 நிமிடம் அருகிலேயே நின்றிருந்தேன். புட்டியின் அடியில் மஞ்சளாக ஒரு தேக்கரண்டிகூடத் தேறவில்லை. என் முகம் போன போக்கை அவர் கவனித்துவிட்டார். அன்று மாலையே பால்மாவு தொடங்கியது. மூன்றாம் வாரத்தில் சுரப்பு உண்மையாகவே குறைந்திருந்தது.

நஞ்சுக்கொடி வெளியேறி, புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனின் அளவு சரிந்த பிறகுதான் பால் பெருகத் தொடங்கும் என்பதையும், அதற்குப் பொதுவாக 2 முதல் 4 நாள்கள் ஆகும் என்பதையும் நான் படித்திருந்தேன். புட்டியைப் பார்த்ததும் மறந்துவிட்டேன். முதல் நாளில் குழந்தை ஒரு வேளைக்குக் குடிப்பதே சில மில்லிலிட்டர் சீம்பால்தான். அந்தச் சிறு அளவில் இம்யூனோகுளோபுலின் ஏ என்னும் நோயெதிர்ப்புப் புரதம் செறிந்திருக்கிறது. பால்மாவு குடித்த குழந்தையோ மார்பைத் தேடாமல் நெடுநேரம் உறங்கும், பால் தேங்கும், தேங்கிய பால் சுரப்புச் செல்களின் வேலையை மந்தமாக்கும். இப்படித்தான், இல்லாத குறைக்கு நான் காட்டிய வழி அந்தக் குறையையே உண்டாக்கியது.

பம்பை எடுத்து வைத்துவிட்டு, குழந்தையின் தாடையைக் கவனியுங்கள்: வாய் அகலத் திறந்து, மோவாய் ஒரு கணம் நின்று மூடினால் விழுங்குகிறது என்று பொருள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளொன்றுக்கு 6 தடவையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். பிறந்த எடையில் 7 சதவீதம் வரை குறைவது இயல்பு; 10 சதவீதத்தை நெருங்கினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். அவர் கூடுதல் பால் கொடுக்கச் சொன்னால் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் தாய் பாலைப் பீய்ச்சி எடுக்கவும் வேண்டும்.

மணி பார்த்து மார்பை மாற்றுவது

மார்பு காலியாகக் காலியாகப் பாலில் கொழுப்பு கூடும். குழந்தை தானாக விடும்வரை பொறுத்திருங்கள்.

தாய்ப்பாலை உணவாக மட்டும் விளக்குவது

லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாகப் பாலில் மிகுந்திருக்கும் திடப்பொருள், குழந்தையால் செரிக்கவே முடியாத ஒலிகோசாக்கரைடுகள் என்னும் சர்க்கரைத் தொடர்கள். அவை குழந்தையின் குடலில் குடியேறும் பிஃபிடோபாக்டீரியா என்னும் நல்ல பாக்டீரியாக்களுக்கான தீனி. இதைச் சொல்லும்போது தாய்மார்கள் நிமிர்ந்து உட்கார்வதைப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர்

6 மாதம் முடியும்வரை வேண்டாம். பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் தண்ணீர்தான்.

எல்லாம் பாலிலேயே இருக்கிறது என்பது

வைட்டமின் டி போதிய அளவு இல்லை. மருத்துவர் எழுதித்தரும் சொட்டு மருந்தைத் தடுக்காதீர்கள்.