மௌனப் படம் பார்க்கத் தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நண்பர்களைக் கூட்டி மௌனப் படங்கள் போட்டுக் காட்டுவது என் வழக்கம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அநேகமாக ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். நடுவில் கைப்பேசியை நோண்டக் கூடாது என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கையில் கிடைத்த பிரதியைப் பார்ப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு'வை ஒரு நண்பர் இணையத்தில் முதலில் கண்ணில் பட்ட பிரதியில் பார்த்திருக்கிறார். "ரத்தக்காட்டேரி பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் போகிறது, இதையா எல்லோரும் புகழ்கிறீர்கள்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு மௌனப் படம் என்றாலே எழுந்து போய்விடுகிறார்.

அவர் மேல் குற்றமில்லை. அந்தக் காட்சிகளைப் பகலில்தான் எடுத்தார்கள். ஆனால் அரங்குக்குப் போன பிரதியில் அவற்றுக்கு நீலச் சாயம் ஏற்றியிருந்தார்கள். நீலம் என்றால் இரவு என்று அன்றைய பார்வையாளருக்குத் தெரியும். பிற்பாடு கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தபோது சாயம் போய்விட்டது.

வேகமும் இப்படித்தான் கெடுகிறது. கேமராவைக் கையால் சுழற்றிய காலம் அது. நொடிக்கு 16, 18, 20 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) என்று படத்துக்குப் படம் மாறும். பேசும் படம் வந்த பிறகுதான் 24 நிலைத்தது. 16இல் எடுத்ததை 24இல் ஓட்டினால் 90 நிமிடப் படம் 60 நிமிடத்தில் முடிந்துவிடும். சாவு வீட்டில் அழுகிறவள்கூடத் துள்ளுகிற மாதிரி தெரியும். (நகைச்சுவைப் படங்களில் வேண்டுமென்றே மெதுவாகச் சுழற்றி, திரையில் வேகம் காட்டியதும் உண்டு. அது வேறு கதை.)

அப்புறம், வெட்டுப்பட்ட பிரதிகள். 1927இல் வெளியான 'மெட்ரோபோலிஸ்' கதை பல இடங்களில் ஒட்டவில்லை என்று நிறையப் பேர் சொல்வார்கள். பல ஆண்டுகள் காணாமல் போயிருந்த காட்சிகள் கொண்ட நீளமான பிரதி 2008இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அய்ரஸில் கிடைத்தது. அதிலிருந்து சுமார் 25 நிமிடக் காட்சிகளைச் சேர்த்து 2010இல் திரையிட்டார்கள். பழைய பிரதியைப் பார்த்துவிட்டு இயக்குநரைக் குறை சொல்வது அநியாயம் இல்லையா?

ஆகவே படத்தைப் போடுவதற்கு முன்னால் பத்து நிமிடம் செலவழியுங்கள். எந்த ஆவணக் காப்பகம் மீட்டெடுத்தது, எத்தனை நிமிடம் ஓடுகிறது, சாயம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே படத்தின் இரண்டு பிரதிகளுக்கு இடையே கால் மணி நேரம் வித்தியாசம் இருந்தால் ஏன் என்று விசாரியுங்கள்.

சத்தத்தை அணைத்துவிடுவது

வேண்டாம். அரங்கில் பியானோவோ ஆர்கனோ, பெரிய அரங்கென்றால் இசைக்குழுவோ வாசித்துக்கொண்டிருந்தது.

ஆதியிலிருந்து வரிசையாகப் பார்ப்பது

அவசியமில்லை. 1920களிலிருந்து தொடங்குங்கள்.

எல்லாமே மிகை நடிப்பு என்று ஒதுக்குவது

1928இல் டிரையர் எடுத்த ஜோன் ஆஃப் ஆர்க் படத்தில் நாயகி ஃபால்கொனெட்டியின் முகத்தைப் பாருங்கள். அண்மைக் காட்சிகளில் அவர் கண்ணும் உதடும் மட்டுமே அசையும். அதைப் பார்த்த பிறகும் மிகை என்று தோன்றினால், சரி, பேசலாம்.