ஆசிரியர்களுக்கு விலங்குநேயப் பயிற்சி: அரை நாளில் தொடங்கலாம்

யாழ்ப்பாணத்தில் பாடசாலை வளவுக்குள் ஒரு நாயாவது படுத்திருக்கும். மதிலோரம் ஆடு மேயும். விலங்குகளிடம் அன்பாக இருக்கப் பிள்ளைகளைப் பழக்கும் பாடத்துக்கு வேண்டிய உயிர்கள் படலைக்கு உள்ளேயே இருக்கின்றன. ஆசிரியர்களைத் தயார்ப்படுத்துவதுதான் மிச்ச வேலை. முதல் தடவை இப்படியொரு பயிற்சி நடத்துகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: பயத்தைக் கேளுங்கள்

ஆளுக்கொரு துண்டுக் கடதாசி கொடுத்து, எந்த விலங்குக்குப் பயம், ஏன் என்று பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். சின்ன வயதில் நாயிடம் கடி வாங்கியவர்கள் இருப்பார்கள். "பயப்படாதீங்கோ டீச்சர்" என்று சொல்லிக் கடந்துவிட வேண்டாம். பயத்தில் டீச்சர் கல்லெடுத்தால் வகுப்பே கல்லெடுக்கும்.

படி 2: பனைமரம் போல நிற்றல்

எல்லோரையும் எழுப்பி நிற்க வையுங்கள். கைகள் உடம்போடு ஒட்டியபடி, பார்வை பாதத்தில், வாயில் சத்தம் இல்லை. அறியாத நாய் நெருங்கும்போது ஓடாமல் இப்படி நின்றால், பெரும்பாலும் அது மோந்துவிட்டுப் போய்விடும். சாப்பிடுகிற, தூங்குகிற, குட்டி போட்ட நாயிடம் போகக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் பூசக்கூடாது. விசர்நாய்க்கடி நோய் வெளிப்பட்ட பிறகு ஆளைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாது.

படி 3: தும்பிப் பாடம்

பயிற்சியின் உயிரே இதுதான், ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். தும்பியின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடுவது நம் பிள்ளைகளுக்குப் பழைய விளையாட்டு. "பாவம், விடு" என்றால் டீச்சர் போகும்வரைதான் விடுவார்கள். அதனால் கேள்வியாகக் கேட்கப் பழக்குங்கள். தும்பி என்ன சாப்பிடும்? பறக்கும்போது நுளம்பு. குஞ்சாகத் தண்ணீருக்குள் இருக்கும்போது நுளம்புப் புழு. மாரி மழையோடு டெங்கு வருகிற ஊரில் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். அப்புறம், "நூல் கட்டினால் அதற்கு என்னென்ன செய்ய ஏலாது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். சாப்பிட ஏலாது, முட்டையிட ஏலாது என்று பதில் பிள்ளைகளிடமிருந்தே வர வேண்டும். ஓர் ஆசிரியர் பாடம் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளாக இருந்து இதை ஒத்திகை பார்க்கட்டும்.

படி 4: தண்ணீர்ச் சட்டி

வளவில் உள்ள உயிர்கள் தண்ணீர் குடிக்க ஒரு சட்டி வைக்கக் காட்டிக்கொடுங்கள்: அகன்ற மண்சட்டி, நிழல், தேனீயும் அணிலும் ஏறி வர நடுவில் ஒரு கல். தினமும் தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நாமே நுளம்பு வளர்ப்போம்.

படி 5: வதைக்கிற பிள்ளை

விலங்குகளை வதைப்பது இலங்கையில் 1907ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். ஆசிரியர்களுக்கு அது தெரிந்திருக்கட்டும், பிள்ளையை வெருட்டுவதற்கு வேண்டாம். திரும்பத் திரும்பப் பூனைக்குட்டியை உதைக்கிற பிள்ளை, வீட்டில் தானே அடி வாங்குகிற பிள்ளையாகவும் இருக்கலாம். வகுப்புக்கு முன்னால் ஏசாமல் தனியே கூப்பிட்டுக் கதைக்கச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, தண்ணீர்ச் சட்டியின் பொறுப்பை ஒரு கிழமைக்கு அந்தப் பிள்ளையிடமே கொடுத்துப் பார்க்கட்டும்.