கம்பளி மணி உருட்டலாம்: கம்மலும் மாலையும் செய்யும் முறை

பெரிய கம்மல் பிடிக்கும், ஆனால் காது இழுபடுகிறது என்பவர்களுக்குக் கம்பளி மணி ஒரு வரப்பிரசாதம். சுண்டைக்காயை விடப் பெரிது, நெல்லிக்காயை விடச் சிறிது என்று ஒரு மணி செய்தால் அதன் எடை ஒரு கிராமுக்குப் பக்கத்தில்தான் வரும். பன்னிரண்டு மணி கோத்த மாலைகூடக் கழுத்தில் இருப்பது தெரியாது. "சென்னை வெயிலில் கம்பளியா?" என்று என் வீட்டிலும் கேட்டார்கள். சால்வையா போர்த்திக்கொள்ளப் போகிறோம்? மணி தொடும் இடம் கொஞ்சம்தான்.

காத்மாண்டு போனவர்கள் தமேல் கடைவீதியில் இந்த உருண்டைகளைப் பார்த்திருப்பார்கள். தோரணம், தரை விரிப்பு, பை என்று எல்லாம் செய்து தொங்கவிட்டிருப்பார்கள். நியூசிலாந்திலிருந்து வரும் கம்பளியைச் சோப்புத் தண்ணீரில் கையாலேயே உருட்டுவதுதான் அங்கே வழக்கம். நாம் செய்யப்போவதும் அதேதான்.

தைக்காமல், பின்னாமல், பசை போடாமல் இழைகள் எப்படி ஒட்டுகின்றன? கம்பளி இழையின் மேல், நம் தலைமுடியில் இருப்பது போலவே, மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு. சூடான சோப்புத் தண்ணீரில் இழை ஊறும்போது அவை எழும்பி நிற்கும். அந்த நேரத்தில் உரசினால் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும். செதில்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து இருப்பதால் உள்ளே போன இழை திரும்பி வராது. சிக்கு விழுந்த முடியை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல கம்பளி ஸ்வெட்டரை வாஷிங் மெஷினில் வெந்நீரில் போட்டு, குழந்தை சட்டை அளவில் வெளியே எடுத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கம்பளி வாங்கும்போது

நான் ஏமாந்த இடம் இதுதான். நம் ஊர்க் கடைகளில் பின்னுகிற நூல் எல்லாவற்றுக்கும் 'உல்லன்' என்றே பெயர். அப்படி ஒரு கடையில் அழகான ஆரஞ்சு நிற நூற்கண்டு வாங்கிவந்து, பிரித்து, முக்கால் மணி நேரம் உருட்டினேன். கை சிவந்தது, உருண்டை மட்டும் சேரவில்லை. அது அக்ரிலிக். பிளாஸ்டிக் இழையில் செதில் கிடையாது, எவ்வளவு உருட்டினாலும் பிடிக்காது.

சந்தேகம் வந்தால் நாலு இழையை இடுக்கியில் பிடித்து, சிங்க் பக்கத்தில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், மிஞ்சும் கரி விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறியதும் கெட்டியாகிவிடும். சூடாக இருக்கும்போது தொட வேண்டாம்.

இணையத்தில் வாங்குவதாக இருந்தால் 'மெரினோ டாப்ஸ்' அல்லது 'ரோவிங்' என்று தேடுங்கள். நூலாக முறுக்காமல், சீவி நீளமாகத் திரித்த பஞ்சு மாதிரி வரும். 'சூப்பர்வாஷ்' என்று போட்டிருந்தால் வேண்டாம். துவைத்தாலும் சுருங்காமல் இருப்பதற்காகச் செதில்களை மழுக்கிவிட்ட கம்பளி அது, நமக்குப் பயன்படாது. முதல் முறைக்கு இரண்டு நிறத்தில் மொத்தம் 20 கிராம் தாராளமாகப் போதும்.

மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கும்: வெந்நீருக்கு ஒரு கிண்ணம், பச்சைத் தண்ணீருக்கு ஒன்று, பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு, பழைய துண்டு, ஒரு கோணி ஊசி. நகை பாகங்கள் மட்டும் வாங்க வேண்டும். பட்டு நூல் வளையல் செய்கிறவர்கள் போகும் கடைகளில் கம்மல் ஹூக், ஹெட் பின் (ஒரு முனையில் தலை வைத்த மெல்லிய கம்பி), ஜம்ப் ரிங் (சின்னக் கம்பி வளையம்) எல்லாம் கிடைக்கும். சென்னையில் என்றால் பாரிஸ் கார்னர் பக்கம் போய்வாருங்கள்.

படி 1: பங்கு பிரித்தல்

கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். வெட்டிய முனை மொட்டையாக நின்று மணியின் மேல் துருத்தும். இரண்டு கைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு மெல்ல இழுத்தால் கம்பளி தானாகப் பிரியும்.

2 செ.மீ. மணிக்கு 1 கிராம், ஒன்றரை செ.மீ. மணிக்கு அரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சமையலறைத் தராசு இவ்வளவு சின்ன எடையைச் சரியாகக் காட்டாது. அதனால் 16 கிராமை நிறுத்து, பாதி, அதில் பாதி, அதிலும் பாதி, மறுபடியும் பாதி என்று பதினாறு பங்காகப் பிரித்துவிடுங்கள். எல்லா மணிக்குமான பங்கையும் இப்போதே பிரித்து வைப்பது நல்லது. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்கு எடுத்தால், ஒரு காதில் நெல்லிக்காயும் மறு காதில் சுண்டைக்காயும் தொங்கும்.

படி 2: காய்ந்த உருண்டை

ஒரு பங்கிலிருந்து மெல்லிய இழைக் கற்றையை எடுத்து, பாய் சுருட்டுவது போல இறுக்கமாகச் சுருட்டுங்கள். அடுத்த கற்றையை அதன் மேல் குறுக்காகச் சுற்றுங்கள். அதற்கடுத்தது இன்னொரு திசையில். நூற்கண்டு சுற்றுவது போலத்தான். கடைசிக் கற்றை சிலந்தி வலை மாதிரி மெல்லிசாக இருந்து, முனைகளை எல்லாம் மூடிவிட வேண்டும். இப்போது எலுமிச்சம்பழம் அளவுக்கு இருக்கும். பயப்பட வேண்டாம், முடியும்போது இதன் குறுக்களவில் பாதிதான் மிஞ்சும்.

படி 3: நனைத்து உருட்டுதல்

கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், அதில் நாலைந்து சொட்டு சோப்பு. உருண்டையை முக்கி எடுத்து, உள்ளங்கையில் வைத்து உருட்ட ஆரம்பியுங்கள். நுரை பொங்கி வழிந்தால் சோப்பு அதிகம், இழைகள் வழுக்கிக்கொண்டே இருக்கும். அப்போது கொஞ்சம் வெந்நீர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் கோட்டை விடும் இடம் முதல் இரண்டு நிமிடம். நனைந்த கம்பளி தொளதொளவென்று இருப்பதைப் பார்த்ததும் கை தன்னையறியாமல் லட்டு பிடிப்பது போல அழுத்தும். அழுத்தினால் மேல்தோல் மடிந்து, அந்த மடிப்பு அப்படியே வெடிப்பாக நின்றுவிடும். கோகுலாஷ்டமிக்குச் சீடை உருட்டியவர்களுக்கு இந்தக் கைப்பக்குவம் ஏற்கெனவே தெரியும். உருண்டை உள்ளங்கையில் சும்மா சுற்ற வேண்டும், அவ்வளவுதான். மேல் கை இருப்பதே தெரியக்கூடாது.

இரண்டு மூன்று நிமிடத்தில் மேலே மெல்லிய தோல் மாதிரி ஒன்று கட்டும், விரலுக்குத் தெரியும். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் கூட்டலாம். தண்ணீர் ஆறியதும் மறுபடி வெந்நீரில் முக்கிக்கொள்ளுங்கள். திசையை மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரே பக்கம் உருட்டினால் ஆலிவ் காய் மாதிரி நீண்டுவிடும். (நீண்ட மணி வேண்டும் என்றால் அதுவே வழி.) உருண்டை கெட்டிப்பட ஆரம்பித்ததும் வரிவரியாக இருக்கும் மூங்கில் பாய் அல்லது பபிள் ராப் மேல் வைத்து, உள்ளங்கையால் நன்றாக அழுத்தித் தேயுங்கள். இப்போது எவ்வளவு பலம் இருக்கிறதோ அவ்வளவும் போடலாம்.

மொத்தம் எட்டு, பத்து நிமிடம் ஆகும். கிள்ளிப் பாருங்கள்: தோல் தனியாகத் தூக்கிக்கொண்டு வந்தால் இன்னும் வேலை பாக்கி. மேசையில் போட்டால் துள்ள வேண்டும்.

வெடிப்பு விழுந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டாம். அதன் மேல் மெல்லிசாக ஒரு கற்றையைக் குறுக்கே சுற்றி, மீண்டும் முதல் இரண்டு நிமிடத்தின் மென்மையோடு தொடங்குங்கள். ரொம்ப ஆழமான வெடிப்பு என்றால் காய்ந்ததும் புது பிளேடால் பாதியாக அறுத்துவிடுங்கள். இரண்டு நிறத்தை மாற்றி மாற்றிச் சுற்றியிருந்தால் உள்ளே வளையம் வளையமாகத் தெரியும். என் தோழிகள் முதலில் கேட்டு வாங்கிப்போனது அந்த 'கெட்டுப்போன' பாதிகளைத்தான்.

படி 4: அலசி உலர்த்துதல்

நுரை போகும்வரை பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். கடைசித் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் விட்டால் மிச்சமிருக்கும் சோப்பின் காரம் போய்விடும். துண்டில் சுருட்டிப் பிழிந்து, நசுங்கியதை ஒருமுறை உருட்டி வடிவத்துக்குக் கொண்டுவந்து, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். ஒரு நாள் ஆகும், மழைக்காலம் என்றால் இரண்டு. ஈரமாக இருக்கும்போது ஆட்டு வாசனை லேசாக வரும், காய்ந்தால் போய்விடும். உள்ளே ஈரம் இருக்கும்போதே கோத்தால் ஹெட் பின் துருப்பிடித்துக் கறை இறங்கும். அவசரப்படாதீர்கள்.

படி 5: கோத்தல்

கம்மலுக்கு: கோணி ஊசியால் நடுவில் துளை போடுங்கள். பாதி தூரம் குத்தி, நேராகப் போகிறதா என்று பார்த்து, அப்புறம் மீதியைத் தள்ளுங்கள். ஊசி மாட்டிக்கொண்டால் குறட்டால் பிடித்து இழுக்கலாம். ஹெட் பின்னில் முதலில் ஒரு சின்னத் தங்க நிற மணி, இல்லாவிட்டால் பின்னின் தலை கம்பளிக்குள் புதைந்துவிடும். அதன் மேல் கம்பளி மணி. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை ஒரு செ.மீ. விட்டு வெட்டி, உருண்டை மூக்குக் குறட்டால் வளையமாக வளைத்து, ஹூக்கை மாட்டி, வளையத்தை இறுக்கி மூடுங்கள்.

மாலைக்கு மெழுகு பூசிய பருத்திக் கயிறு எனக்குப் பிடிக்கும். கம்பளி கயிற்றைக் கவ்விக்கொள்வதால் மணிக்கு மணி முடிச்சுப் போடத் தேவையில்லை, வைத்த இடத்திலேயே நிற்கும். எல்லா மணியையும் நெருக்கமாகக் கோக்காமல் முன்பக்கம் ஏழு மட்டும் இடைவெளி விட்டுக் கோத்துப் பாருங்கள், பருத்திப் புடவைக்கு நன்றாக இருக்கும்.

போடப்போட மேலே பூனை முடி மாதிரி இழை கிளம்பும். சின்னக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டால் போதும். அழுக்கானால் பச்சைத் தண்ணீரில் மட்டும் அலசுங்கள். அந்துப்பூச்சிக்குக் கம்பளி என்றால் உயிர், அதனால் நன்றாக மூடும் டப்பாவில் போட்டு, மாதம் ஒருமுறையாவது எடுத்து உதறிப் பாருங்கள்.