மண் பாக்டீரியா என்சைம்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

போன வாரம் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவன் திரையில் சப்டிலிசின் என்ற என்சைமின் ஜீன் வரிசையைக் காட்டி, "அண்ணா, முன்னாடி இருக்கிற 77 அமினோ அமிலத்தை வெட்டிட்டேன். எப்படியும் உதிரப்போறதுதானே?" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கையுறை போடு, பிளேட்டில் தேதி எழுது என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். இது வேறு.

உதிரும் துண்டை வெட்டி எறிவது

சலவைத்தூளில் ரத்தக்கறையை எடுக்கும் புரோட்டியேஸ், அதாவது புரதத்தை வெட்டும் என்சைம், வகை சப்டிலிசின். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியா தன் சப்டிலிசினை 381 அமினோ அமிலச் சங்கிலியாகக் கட்டுகிறது. முதல் 29, செல்லுக்கு வெளியே போக முகவரிச்சீட்டு; சவ்வைத் தாண்டும்போது அறுந்துவிடும். அடுத்த 77 இருந்தால்தான் மீதி 275 சரியான வடிவத்தில் மடியும். மடிந்ததும் என்சைம் தானே அந்த 77-ஐ வெட்டும். வெட்டுப்பட்ட துண்டு உடனே போகாது, என்சைமின் வாயை அடைத்தபடி ஒட்டியிருக்கும். அதுவும் செரிந்த பிறகுதான் என்சைம் வேலைக்கு வரும்.

நானும் ஒருகாலத்தில் 275-க்கு மட்டும் ஜீன் ஆர்டர் செய்தவன். ஆய்வகத்தில் புரதம் தயாரிக்கப் பயன்படும் ஈ.கோலை பாக்டீரியாவில் புரதம் குவிந்தது. ஜெல்லில் தடித்த பட்டை, பார்க்கவே அழகு. பால் கலந்த அகாரில் ஊற்றினால், பால் புரதம் செரிந்து தெளியும் வளையம் ஒன்றுகூட இல்லை. வெப்பநிலையை 37-லிருந்து 18 டிகிரிக்கு இறக்கினேன், பஃபரை (அமில-கார அளவைக் காக்கும் கரைசலை) மாற்றினேன், கால்சியம் சேர்த்தேன். நாலு மாதமும் கைக்காசும் போயின. விஞ்ஞானி இனோயேயின் குழு 1987-லேயே அந்த 77 முன்துண்டு இல்லாமல் ஈ.கோலையில் செயல்படும் சப்டிலிசின் கிடைக்காது என்று காட்டிவிட்டது. நான் அதைத் தேடிக்கூடப் பார்க்கவில்லை. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல்தான்.

எல்லாம் தானே வெட்டிக்கொள்ளும் என்று இருப்பது

வெட்டிக்கொள்ளாது. இறைச்சித் துண்டுகளை ஒட்டும் டிரான்ஸ்குளுட்டாமினேஸுக்கு, அதைச் சுரக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவின் வேறொரு புரோட்டியேஸ் வந்து வெட்ட வேண்டும்.

குளுக்கோஸை அள்ளிப் போடுவது

சாப்பாடு தாராளமாக இருக்கும்வரை பேசில்லஸ் புரோட்டியேஸைப் பெரிதாகச் சுரக்காது. வளர்ச்சி ஓய்ந்து தீனி தட்டுப்படும்போதுதான் சுரப்பு ஏறும். மண்ணிலிருந்து எடுத்த பாக்டீரியாவைக் குளுக்கோஸ் நிறைந்த குடுவையில் வளர்த்து, ஆறு மணி நேரத்தில் மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டு "இந்த மண்ணில் ஒன்றுமில்லை" என்று குடுவையைக் கொட்டிவிடாதீர்கள்.

வளையத்தின் அளவு

பால் அகாரில் வளையம் பெரிது என்று மயங்காமல், நடுவிலுள்ள பாக்டீரியாக் காலனியும் பெரிதாக இருக்கிறதா பாருங்கள். வளையத்துக்கும் காலனிக்கும் உள்ள விகிதம்தான் கணக்கு.

பழக்கதோஷத்தில் இடிடிஏ

பஃபரில் சேர்க்கும் இடிடிஏ, உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள். சப்டிலிசினைத் தாங்கிப் பிடிக்கும் கால்சியத்தைப் பிடுங்கிவிடும், என்சைம் சூட்டில் தளர்ந்துபோகும். உலோகப் புரோட்டியேஸ் என்றால் துத்தநாகமும் போய், வேலையே நின்றுவிடும்.

தம்பி ஆர்டரைத் திருத்தி அனுப்பிவிட்டான். அவன் பஃபரில் இடிடிஏ இன்னும் இருக்கிறது.