இங்கிலாந்தில் பிள்ளை தத்தெடுக்க நினைக்கிறீர்களா?

"ஊரில் அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். ஒன்றை எங்களுக்குத் தரச் சம்மதம். விசா எடுத்துக் கூட்டிவந்து இங்கேயே தத்துப் பதியலாமா?" இங்கே ஒரு மகளைத் தத்தெடுத்து வளர்க்கும் என்னிடம், லண்டனுக்குப் புதிதாக வந்தவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இங்கிலாந்தின் 2002ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டப்படி, உரிய அனுமதி இல்லாமல் தத்தெடுப்பதற்காக ஒரு பிள்ளையை வெளிநாட்டிலிருந்து கூட்டிவருவது குற்றம். சிறைக்குக்கூடப் போக நேரலாம். கூடப்பிறந்த அக்காவின் பிள்ளை என்றாலும் விலக்கு இல்லை. ஊரில் எழுதிப் பதிந்த தத்துப் பத்திரம் ஒன்றை மட்டும் நம்பி விசாவுக்குப் போகவும் வேண்டாம். இந்தியா, இலங்கை, பிரிட்டன் மூன்றும் நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள். முதலில் இங்குள்ள தத்தெடுப்பு முகமை (ஏஜென்சி) உங்களை மதிப்பிட்டு ஒப்புதல் தர வேண்டும். பிறகு இரு அரசுகள் வழியாகத்தான் காரியம் நகரும்.

"சரி, தத்து வேண்டாம், படிப்புக்காக எங்களோடு இருக்கட்டும்" என்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளை நெருங்கிய உறவினர் அல்லாதவர் வீட்டில் 28 நாட்களோ அதற்கு மேலோ தங்குவதாக இருந்தால், உள்ளூர் கவுன்சிலுக்கு (உள்ளாட்சி மன்றத்துக்கு) 6 வாரம் முன்பே தெரிவிக்க வேண்டும். தாத்தா, பாட்டி, கூடப்பிறந்தவர்கள், பெற்றோரின் கூடப்பிறந்தவர்கள், அவர்களை மணந்தவர்கள், மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை ஆகியோர்தான் இந்தச் சட்டத்துக்கு நெருங்கிய உறவு. நாம் சித்தப்பா என்று வாய் நிறையக் கூப்பிடும் ஒருவர் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பியாக இருந்தால், சட்டத்தின் கண்ணில் அவர் வெளியாள். நம் ஆட்கள் பலர் தெரியாமல் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

இங்குள்ள பிள்ளையைத் தத்தெடுப்பது பலர் பயப்படுகிற அளவுக்கு எட்டாத காரியம் இல்லை. பிரிட்டிஷ் குடியுரிமை தேவையில்லை. சொந்த வீடு வேண்டாம், வாடகை வீடே போதும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். தனியாளும் விண்ணப்பிக்கலாம். தம்பதியில் ஒருவராவது இந்நாட்டை நிரந்தர இருப்பிடமாகக் கொண்டிருக்க வேண்டும், அல்லது இருவரும் குறைந்தது ஓராண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். ஆனால் குறுகிய கால விசாவில் இருப்பவர்களிடம் எதிர்காலத் திட்டம் பற்றி நிறையக் கேட்பார்கள். அதில் நியாயமும் இருக்கிறது.

கவுன்சில் சார்ந்த முகமையிலோ தன்னார்வ முகமையிலோ பதியலாம். இந்நாட்டுப் பிள்ளைக்கான மதிப்பீட்டுக்குக் கட்டணம் இல்லை. காவல்துறைச் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை, பயிற்சி வகுப்பு எல்லாம் அடங்கிய முதல் கட்டத்துக்கு 2 மாதம், வீட்டுக்கு வந்து விசாரிக்கும் இரண்டாம் கட்டத்துக்கு 4 மாதம் என்பது அரசு வகுத்த கணக்கு. உங்களை அறிந்த மூன்று பேரின் பெயர் கேட்பார்கள், அதில் ஒருவர்தான் உறவினராக இருக்கலாம். எங்களுக்கு இதுதான் சிரமமாகிப்போனது. இங்கே தெரிந்தவர்கள் என்றால் எல்லோரும் சொந்தக்காரர்கள். வந்த நாளிலிருந்தே அண்டை வீட்டாரோடும் வேலையிடத்தாரோடும் பழகி வையுங்கள். முகமையின் சோஷியல் வொர்க்கர் (சமூகப் பணியாளர்) உங்கள் சிறுவயது, கணவன் மனைவி சண்டை, வருமானம், கடன் என்று துருவுவார். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மறைத்தது பின்னால் தெரிய வந்தால்தான் சிக்கல்.

கைக்குழந்தைதான் வேண்டும் என்றால் காத்திருப்பு நீளும். பெரும்பாலும் சொந்த வீட்டில் பாதுகாப்பாக இருக்க முடியாமல் கவுன்சிலின் பராமரிப்புக்கு வந்த பிள்ளைகள்தான் புது வீட்டுக்குக் காத்திருக்கிறார்கள். அண்ணன் தங்கையாகச் சேர்ந்தே வருபவர்களும் உண்டு. பிள்ளை உங்களோடு 10 வாரமாவது வாழ்ந்த பிறகுதான் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஆணை வந்ததும் சட்டப்படி நீங்களே அம்மா அப்பா. வேலையில் இருப்பவருக்கு, தகுதி இருந்தால், 52 வாரம் வரை தத்தெடுப்பு விடுப்பும் 39 வாரம் அதற்கான ஊதியமும் உண்டு.

ஊரார் பேச்சுக்குப் பயந்து தத்து என்பதையே பிள்ளையிடம் மறைக்க நினைக்காதீர்கள். 18 வயதானதும் தன் அசல் பிறப்புச் சான்றிதழைக் கேட்டுப் பெற அந்தப் பிள்ளைக்கு உரிமை இருக்கிறது. பிறந்த வீட்டின் கதையைப் படங்களோடு சொல்லும் வாழ்க்கைக் கதைப் புத்தகம் ஒன்றையும் முகமை உங்களிடம் தரும். எங்கள் மகள் புத்தகம் அவள் கைக்கு எட்டும் கீழ்த்தட்டில்தான் இருக்கிறது. தூங்கப் போகும்போது சில நாள் அதைத்தான் தூக்கிக்கொண்டு வருவாள்.