பெங்களூர் டு அந்தமான்: தூரமும் பிளைட் நேரமும் நாமளே பேப்பர்ல போட்டுப் பாக்கலாம் வாங்க

அம்மாவுக்கு இதுதான் முதல் பிளைட். பெங்களூர் அல்சூர் வீட்டுல உக்காந்து "எத்தனை மணி நேரம்டா கடல் மேல போவணும்"னு கேட்டாங்க, சும்மா ஒரு நம்பர் சொல்லாம பேப்பர் பேனா எடுத்து அவங்க முன்னாடியே கணக்கு போட்டுக் காட்டினேன். ஸ்கூல் கணக்குதான், பயப்படாதீங்க.

முதல்ல மேப்ல ரெண்டு ஏர்போர்ட்டையும் அழுத்திப் பிடிச்சு அட்சரேகை தீர்க்கரேகை எடுத்துக்கோங்க. நம்ம பெங்களூர் தேவனஹள்ளி ஏர்போர்ட் 13.20 வடக்கு, 77.71 கிழக்கு. அந்தமானோட போர்ட் பிளேர் 11.64 வடக்கு, 92.73 கிழக்கு. (2024ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க, ரெண்டு பேர்லயும் தேடிப் பாருங்க, ஏர்போர்ட் கோடு ஐஎக்ஸ்இஸட்.)

அடுத்து கழிச்சுப் பாருங்க. வடக்கு தெற்கா 1.56 டிகிரி, கிழக்கு மேற்கா 15.02 டிகிரி. வடக்கு தெற்கா ஒரு டிகிரின்னா 111 கிமீ, அப்போ 173 கிமீ. கிழக்கு மேற்குக்கு மட்டும் அந்த 111ஐ காஸ் (cos) 12.4 டிகிரியால பெருக்கணும் (ரெண்டு அட்சரேகைக்கும் நடுவுல இருக்கிறது 12.4), ஏன்னா துருவத்துப் பக்கம் போகப் போக தீர்க்கரேகைங்க நெருங்கிட்டே வரும், நம்ம அட்சரேகைல ஒரு டிகிரி சுமார் 108.5 கிமீதான். 15.02 தடவைன்னா 1630 கிமீ.

இப்போ பைதாகரஸ். ரெண்டையும் வர்க்கமாக்கி கூட்டி வர்க்கமூலம் எடுங்க, கிட்டத்தட்ட 1640 கிமீ வரும். இந்த அளவு தூரத்துக்கு பூமி உருண்டைங்கிறதால வர்ற வித்தியாசம் ரொம்பக் கம்மி, விட்ருங்க.

நேரத்துக்கு, ஜெட் பிளைட் மேல போனதும் மணிக்கு 830 கிமீ வேகம்னு வெச்சுக்கலாம். வகுத்தா 2 மணி நேரம். ரன்வேல ஊர்றது, ஏர்றது, எறங்குறது எல்லாத்துக்கும் அரை மணி சேருங்க, ரெண்டரை ஆச்சு. டிக்கெட்ல இதைவிட பத்து பதினஞ்சு நிமிஷம் கூட போட்டிருப்பாங்க, அது சரிதான்.

ஒரு அழகான விஷயம், அந்தக் கோட்டை வரைஞ்சா அது சென்னையை ஒட்டியே போகுது. பெங்களூர் சென்னை 270, அங்கேருந்து தீவு 1370, கூட்டினா அதே 1640. அதனால சென்னைல மாறிப் போனா தூரம் கூடாது, காத்திருக்கிற நேரம்தான் கூடும். கொல்கத்தா வழின்னா 1550 பிளஸ் 1300, மொத்தம் 2850! விலை கம்மியா இருக்கேன்னு வயசானவங்கள அப்படி சுத்த வைக்காதீங்க ப்ளீஸ். அம்மாவுக்கும் பதில் கெடச்சிருச்சு, சென்னை தாண்டினா ஒண்ணே முக்கால் மணி நேரம் கடல்தான்.

கடைசியா வீட்டுலேருந்து கணக்கு போடுங்க. சாயங்கால டிராபிக்ல அல்சூர்லேருந்து தேவனஹள்ளிக்கு ஒன்றரை மணி, ஏர்போர்ட்ல ரெண்டு மணி, பிளைட், அங்க பெட்டி வாங்கி வெளிய வர முக்கால் மணின்னு கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் ஆயிடும். விடியக்காலைல கிளம்பினா ரோடு காலி.

காலை பிளைட்தான் எடுக்கணும்னு நான் அடிச்சு சொல்றதுக்கு வேற காரணமும் இருக்கு. 15 டிகிரி கிழக்குன்னா சூரியன் சரியா ஒரு மணி நேரம் முந்தி, ஆனா கடிகாரம் ரெண்டு ஊருக்கும் ஒண்ணுதான். டிசம்பர்ல அங்க அஞ்சரைக்கே இருட்டிடும், மத்தியானம் மூணு மணிக்குப் போய் எறங்கினா அன்னிக்கு ஒண்ணும் பாக்க முடியாது. அம்மாவுக்கு காலை பிளைட்ல ஜன்னல் சீட்டு போட்டாச்சு, முட்டி வலி இருக்கிறதால வீல்சேரும் புக் பண்ணும்போதே சொல்லிட்டேன்.